மருந்து குடித்த தேனீக்கள்

மேல்மலைப் பயிர் காப்பு மற்றும் தேனீ நலக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பூம்பாறைக் கடைவீதியில் ஒரே ஓர் அறைதான். அந்த அறையில் ஒரே ஒரு மேசைதான். செயலாளர் சுவாமிநாதன் சன்னல் பக்கம் உட்கார்ந்தால் தேனீ நல அலுவலர். சுவர்ப் பக்கம் உட்கார்ந்தால் பயிர் மருந்து அலுவலர். மதியச் சாப்பாடு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போடுவார். இரண்டு அலுவலர்களுக்கும் நடுவில் நல்ல உறவு இருந்தது. ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

சிவபாக்கியம் அங்கே காலையிலேயே போய்விட்டாள். இடுப்பில் முறம். முறத்தில் செத்த தேனீக்கள்.

"என்னம்மா இது?"

"எங்க தேன்பெட்டிப் பூச்சிங்க தொரை. விடிஞ்சு பார்த்தா பெட்டி வாசப்பலகையில குமிஞ்சு கெடக்கு."

தொரை என்று கூப்பிடாதே, இது சுதந்திர நாடு என்று சுவாமிநாதன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்து நாலில் கப்பலேற்றி அனுப்பப்பட்டு, பூம்பாறைக்கு மேலே இருக்கிற காலனியில் குடி வைக்கப்பட்டவள் அவள். பழகிய நாக்கு.

"எதனாலே செத்துச்சு?"

"கீழ்க்காட்டு அவரைக்கு மருந்து அடிச்சாங்க. அந்தப் பூவுல போயி உக்காந்துட்டு வந்து..."

"மருந்தா? அது மருந்து அலுவலர் விசயம். சாப்பாட்டுக்கு மேலே வா."

வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். சுவாமிநாதன் சாப்பிட்டார், நாற்காலியை மாற்றினார், அவளை உள்ளே கூப்பிட்டார்.

"யாரம்மா நீ?"

"காலையில வந்தேனுங்களே."

"காலையில நீ வந்தது அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்கு இப்பத்தான் வர்றே. முதல்ல இருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள்.

"சரி. பூவுல உக்காந்துச்சு. உக்காந்து என்ன செஞ்சுச்சு?"

"தேனைக் குடிச்சுதுங்க."

"அந்தத் தேன்ல என்ன இருந்துச்சு?"

"மருந்துங்க."

"அப்ப மருந்தைக் குடிச்சிருக்கு."

"ஆமாங்க தொரை."

சுவாமிநாதன் பேனாவை மூடினார். ஒரு சிக்கல் இவ்வளவு எளிதாகத் தீர்ந்ததில் அவருக்கே மகிழ்ச்சி.

"மருந்து குடிச்சுச் செத்தா அதுக்குப் பேரு தற்கொலைம்மா. சங்கம் அதுல பொறுப்பாகாது." முறத்தைப் பேனாவால் கிளறினார். "இதோ பாரு, எல்லாம் நாக்கை நீட்டிக்கிட்டுக் கெடக்கு. இதுல சிலது தூக்குப் போட்டுக்கிட்டதாக்கூட இருக்கும்."

சிவபாக்கியம் சிதறிய தேனீக்களை முறத்தின் நடுவில் கூட்டி வைத்தாள். இந்தத் தீர்ப்பை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். போன ஐப்பசியில் அவள் புருசன் பொன்னுவேல் சங்கத்துப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்குக் காட்டுக்கு மருந்து அடிக்கப் போனான். முதுகு பூராவும் நனைந்து வந்தான். வாயில் நுரை தள்ளியது. காய்கறி லாரியில் மூட்டைகள் மேல் படுக்க வைத்து, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்கத்தில் வந்து, "மருந்துல செத்தாருங்க" என்று அழுதாள். மருந்தில் சாவதற்குத் தமிழில் ஒரு வழிதான் உண்டு என்று சுவாமிநாதன் நினைத்தார். மருந்து குடித்து இறந்தார் என்று சங்கப் பதிவேட்டில் பதிந்தார்.

அடித்து, குடித்து. ஒரே ஒரு சொல் வித்தியாசம். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். நல்லா இருந்த மனுசன் மருந்தைக் குடிக்கிற அளவுக்கு இவ முந்தின ராத்திரி என்ன சொன்னாளோ என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பேச்சு தொடங்கும்.

"இன்னொரு சேதி" என்றார் சுவாமிநாதன். "உங்க வீட்டுக்காரர் பம்பு சும்மா கெடக்கு. அதை வாரிசுக்கே கொடுக்கணும்னு தலைவர் பெரிய மனசு பண்ணியிருக்கார். உனக்கு ஒரே மகதானே?"

"கண்மணிங்க."

"மாசியில பேரிக்காட்டுக்கு அடிக்கப் போறோம். கண்மணிக்கு முன்வரிசை."

"மாசியிலதானுங்களே பேரி பூக்கும்? பூவுல அடிச்சா பூச்சி மிஞ்சாதுங்களே."

"பூக்கட்டும். சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா மார்ச் முடியறதுக்குள்ளே டிரம் அத்தனையும் காலியாகணும். டிரம்முக்கு ஆடிட் இருக்கு. பூவுக்கு இல்லை."

"அவ மாட்டேன்னுட்டா?"

"யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். பம்பு எடுக்க ஆள் இல்லாத வீடு காலனியில இருக்காது, அவ்வளவுதான்."

முறத்தை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது, சுவாமிநாதன் பின்னாலிருந்து ஆறுதலாகச் சொன்னார். "குறை இருந்தா ஜனநாயக வழியில போம்மா. தேர்தல் வருது."

*

அந்த வழியைப் பிடித்தவள் மூக்கம்மா. பூம்பாறைக்காரி, பூண்டுக் காட்டில் சிவபாக்கியத்தோடு களை எடுக்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரி அவள் பக்கத்து வரப்பில் நடக்கமாட்டான்.

"அடியே, தலைவர் தேர்தலுக்கு நீ நில்லு."

"நானா? எனக்கு ஓட்டுன்னா என்னன்னே தெரியாது அக்கா. பொறந்த மண்ணுல எங்களுக்கு ஓட்டே இல்ல. விடியக்காலம் பேரு கூப்பிடற பிரட்டுக்கு நில்லுன்னா நிப்போம், கொழுந்து எடுன்னா எடுப்போம். தொரை வருவாரு, கங்காணி வருவாரு. யாரையும் நாங்க போட்டதில்ல."

"இங்க மட்டும் என்னவாம்? சேனாதிபதியை எவ போட்டா? எதுத்து நிக்க ஆளில்லாம தலைவரா உக்காந்திருக்கான். அவன் கடையிலதான் மருந்து, அவன் சங்கத்துலதான் பம்பு. நீ செயிச்சா பூப்பூக்கையில அடிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம். சோலி முடிஞ்சது."

"தோத்தா?"

மூக்கம்மா களைக்கொத்தைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். "தோத்தா உம் மக முதுகுல பம்பு. நிக்காட்டியும் அதேதான். வெரசா கெளம்பு, மனு கொடுக்கணும்."

மனு கொடுக்கும் இடத்தில் தேர்தல் அதிகாரியாக சுவாமிநாதனே உட்கார்ந்திருந்தார். இதற்காக மேசையின் குறுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்.

"என்ன சின்னம் வேணும்மா?"

"தேனீங்க தொரை."

"முடியாது. தேனீ சங்கத்தோட முத்திரை. முத்திரை யாருக்குச் சொந்தம்? சங்கத்துக்கு. சங்கம்னா யாரு? தலைவர். அதனாலே தேனீயைத் தலைவர் சேனாதிபதிக்கு ஒதுக்கியாச்சு."

"அப்ப ஒரு பூவு?"

"சின்னம் சங்கத்துச் சொத்தா இருக்கணும். சங்கத்துச் சொத்துன்னா மேசை, நாற்காலி, பம்பு. மேசையும் நாற்காலியும் உபயோகத்துல இருக்கு." ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "உனக்கு மருந்துப் பம்பு."

அப்படியாக, மருந்து விற்கிறவருக்குத் தேனீயும், தேனீ வளர்க்கிறவளுக்கு மருந்துப் பம்பும் சின்னமாயின. இரண்டு வேட்பாளர்களையும் சமமாக நடத்திய நிம்மதியில் சுவாமிநாதன் டீ சொல்லி அனுப்பினார்.

*

பேரி மரங்களில் மொட்டு தடித்து வந்தது. சிவபாக்கியம் தினமும் காலையில் மரத்தைப் பார்ப்பாள், பிறகு மகளைப் பார்ப்பாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் சங்கத்து ஆள் ஒருவன் கண்மணியைத் திருப்பி நிறுத்தி, தோளுக்குத் தையல்காரன் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"என்னப்பா செய்யிற?"

"அப்பன் தோளு அகலம். பம்பு வாரைக் குறுக்கணும்ல. லூசா இருந்தா புள்ளைக்கு முதுகு வலிக்கும்." சங்கத்துக்கு அந்த அளவுக்கு அக்கறை இருந்தது.

கண்மணி அசையாமல் நின்றாள். அளந்தவன் போன பிறகு, "வாசம் அடிக்குதும்மா" என்றாள். "அந்த நாடாவுல கூட அப்பா சட்டை வாசம்."

மறுநாள் பஸ் நிற்கிற திடலில் கூட்டம். சேனாதிபதி மாலையோடு மேடை ஏறினார். தேனீ வரைந்த துணி பின்னால் ஆடியது.

"தாய்மார்களே, பெரியோர்களே! தேனீக்கு என்னைவிட நண்பன் யார்? என் கடை வாசலில் ஒரு கூடு இருந்தது. கலைத்தேனா? கல்லெறிந்தேனா? ஒரே ஒரு தடவை மருந்து அடித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தேனீக்கள் யாரையும் கொட்டியதில்லை!"

கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் பொங்கியது.

"மனிதனுக்குச் சீக்கு வந்தால் மருந்து. பயிருக்குச் சீக்கு வந்தால் மருந்து. தேனீ என்ன பாவம் செய்தது? அதற்கு மட்டும் மருந்து கொடுக்காதே என்கிறார்கள். இந்த ஓரவஞ்சனை என் ஆட்சியில் நடக்காது! கடைசித் தேனீ இருக்கும்வரை ஓயமாட்டேன்!"

அடுத்து சிவபாக்கியத்தை மேலே தள்ளினார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. பம்புக்கு ஓட்டுப் போடுங்க. பம்பு வேணாம்னு போடுங்க."

"வேணுமா வேணாமா? ஒண்ணைச் சொல்லு தாயி" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

மூக்கம்மா கீழேயிருந்தே விளக்கினாள். "காதைத் தொறந்து கேட்டுக்கங்க. பூவுல பம்பு அடிக்க வேணாங்கிறவுக பம்புல குத்துங்க. அடிச்சாத்தான் ஆச்சுங்கிறவுக தேனீயில குத்துங்க."

வயசாளி ஆண்டிச்சாமி எழுந்தார். "ரெண்டும் வேணாங்கிறவன் எங்கிட்டுக் குத்துறது?"

"நீரு வீட்டுல கெடயும் மாமா."

சிரிப்பு அடங்குவதற்குள் சேனாதிபதியின் ஆள் ஒருத்தன் டீக்கடைப் பக்கமிருந்து கத்தினான். "புருசனை மருந்து குடிக்க வச்சவ, இப்ப பம்பைத் தூக்கிட்டு ஊருக்கு வந்திருக்கா!"

எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. கண்மணி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். சிவபாக்கியம் அவளைத்தான் பார்த்தாள்.

"அவரு குடிக்கலைங்க" என்றாள். "சுமந்தாரு."

அவ்வளவுதான் அவள் பேசியது. இறங்கிவிட்டாள்.

*

ஓட்டுப் போடும் நாளில் அவளிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புத் துணிக்குப் பின்னால் நின்று அதை விரித்தாள். இடது பக்கம் தேனீ. வலது பக்கம் பம்பு. தேனீயை யாரோ அழகாக வரைந்திருந்தார்கள். பம்பில் வார்கூட அப்படியே இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் போடுகிற முதல் ஓட்டு. அதை எடுத்துப்போய், புருசனைக் கொன்ற சாமானின் மேல் குத்த வேண்டும். கை எழும்பவில்லை.

"என்னம்மா, உள்ளே தூங்கிட்டியா?" என்று சுவாமிநாதன் வெளியிலிருந்து கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். குத்திய பிறகுதான் கண்ணைத் திறந்து, சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறோமா என்று பார்த்தாள்.

பம்பு ஜெயித்தது. பூவில் மருந்து வேண்டாம் என்றவர்கள் பம்பில் குத்தியிருந்தார்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்று நினைத்தவர்களும் பம்பில் குத்தியிருந்தார்கள். தேனீக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் தேனீயை நிஜமாகவே நேசித்தவர்கள்.

சுவாமிநாதன் முடிவை வாசித்தார். "மேல்மலை மக்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்ப்பளித்துவிட்டார்கள். தேனீயா, மருந்துப் பம்பா என்று கேட்டோம். மருந்துப் பம்பு என்றார்கள். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. வரும் திங்கட்கிழமை பேரிக்காட்டில் தெளிப்பு தொடங்கும்."

சேனாதிபதிக்குத் தோற்ற வருத்தம் கொஞ்சமும் இல்லை. சிவபாக்கியத்தைக் கும்பிட்டார். "வாழ்த்துகள்மா. மருந்துக்கு இவ்வளவு ஆதரவு எனக்குக்கூட கெடைச்சதில்ல. கூட ரெண்டு டிரம் சொல்லியிருக்கேன்."

தலைவி ஆனதும் அவள் முதல் தீர்மானத்தைச் சொன்னாள். பூக்கும்போது அடிக்கக் கூடாது. அதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார் சுவாமிநாதன். தேர்தல் வாக்குறுதிக்கு எதிரான தீர்மானம் அது. சின்னத்தைப் பாரம்மா என்றார். இரண்டாவதாக, புருசன் பேருக்கு நேரே இருக்கிற சொல்லையாவது திருத்தச் சொன்னாள். அதற்கு விதியில் இடம் இருந்தது. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

*

திங்கட்கிழமை வெள்ளனே பேரிக்காடு வெள்ளையாக நின்றது. இலையே தெரியாமல் பூ. மரத்துக்கு மரம் தேனீக்களின் இரைச்சல். கீழே டிரம்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பம்புக்காரர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் கண்மணி. வாரைக் குறுக்கியிருந்தார்கள், கச்சிதமாக இருந்தது.

சுவாமிநாதன் மாலையோடு ஓடிவந்தார். "தலைவிதான் முதல்ல அழுத்தித் தொடங்கி வைக்கணும். சேனாதிபதி ஐயா போட்ட விதி. ஒரு வருசம் அவர் வர்றதுக்குள்ளே எவனோ முந்தி அழுத்திட்டான், போட்டோ வீணாப்போச்சு. அப்ப இருந்து தலைவர் அழுத்தாம யாரும் அழுத்தக் கூடாது."

சிவபாக்கியம் நின்றாள்.

"யாருமேவா தொரை?"

"யாருமே. மீறினா வேலை நீக்கம்."

அவள் நேரே மகளிடம் போனாள். வாரின் கொக்கியைக் கழற்றினாள். "எறக்கு" என்றாள். "இது ஒனக்கில்ல." நிறைந்த பம்பைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டாள். அதன் பாரம் தெரிந்தது. அந்த வாடையும் வந்தது. ஐப்பசியில் கடைசியாக அவள் துவைத்த சட்டையில் இருந்த வாடை. பிறகு பெரிய மரம் ஒன்றின் அடியில் போய், பம்போடு உட்கார்ந்தாள்.

போட்டோக்காரன் காத்திருந்தான். பம்புக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"ஏம்மா உக்காந்துட்டே?"

"தலைவி உக்காரக் கூடாதுன்னு விதி இருக்குங்களா?"

சுவாமிநாதன் யோசித்தார். நேர்மையான மனிதர். "இல்லை."

"எத்தனை மணிக்குள்ள அழுத்தணும்னு இருக்குங்களா?"

"அதுவும்... இல்லை."

"அப்ப நேரம் பாக்கிறேன்."

அன்று முழுக்க நேரம் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மூக்கம்மா உரச் சாக்கைப் பிரித்து முதுகுக்கும் பம்புக்கும் நடுவில் செருகிவிட்டு, "நனையுதா, நனையுதா" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பம்புக்காரர்கள் தங்கள் பம்பை இறக்கி வைத்துவிட்டு, விதிப்படி, தலைவிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். சேனாதிபதி வந்து கத்தினார். தான் போட்ட விதியைத் தானே மீறலாமா என்று சுவாமிநாதனைக் கேட்டார். மீறலாம், ஆனால் அதற்கு அவர் தலைவராக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர் ஒரு பம்பைப் பிடுங்கிக்கொண்டு மரத்துக்குப் போனார். பம்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பொன்னுவேலோடு லாரியில் போனவர்கள் அவர்கள். சேனாதிபதி அவர்கள் முகங்களைப் பார்த்தார், பம்பை வைத்தார், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.

காலையில் பம்பைக் கட்டுவதும் சாயங்காலம் இறக்குவதுமாகப் போனது. பூ உதிரத் தொடங்கியது. பிஞ்சு தெரிந்தது. மார்ச் கடைசியும் வந்தது. சுவாமிநாதனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஆடிட்டரின் ஜீப் மன்னவனூர்ப் பக்கம் வந்துவிட்டதாகச் சேதி வந்த அன்று, அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, டிரம்களை அடுக்கியிருந்த வாடகைக் கிட்டங்கிக்குள் போனார். நிறைந்திருந்த ஒவ்வொரு டிரம்மிலும் 'காலி' என்று எழுதினார். தெளிப்பு நூற்றுக்கு நூறு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர் ஒவ்வொரு டிரம்மாக வாசித்தார். தட்டிப் பார்க்க விதியில்லை.

அந்த வருசம் பேரிக்காய் கிளை ஒடியக் காய்த்தது. வத்தலக்குண்டு வியாபாரிகள் லாரியோடு மேலே வந்தார்கள்.

பொதுக்குழுவில் சுவாமிநாதன் பெருமிதத்தோடு எழுந்தார். "இதுவரை இல்லாத மகசூல். காரணம் என்ன? நூற்றுக்கு நூறு தெளிப்பு. ஆகவே வரும் வருசம் மருந்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று மேலிடமே கேட்டிருக்கிறது. தலைவியின் ஒப்புதல் வேண்டும்."

கூட்டம் திரும்பித் தலைவியைப் பார்த்தது. கண்மணி அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

சிவபாக்கியம் எழுந்தாள்.

"ரெட்டிப்பாவே அடிச்சிருவோம் தொரை. போன மாசியில எவ்வளவு அடிச்சமோ, அதுல சரியா ரெட்டிப்பு. ஒரு சொட்டு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அப்படியே எழுதிக்கங்க."

பலமாகக் கைதட்டினார்கள். எல்லோரையும்விட சேனாதிபதிதான் அதிகம் தட்டினார். மூக்கம்மா முந்தியை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சாக்பீஸ் பிடித்த சுவாமிநாதனுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பேனாவைப் பிடித்தபடி, எழுதாமல், அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து எழுதினார்.